மூணு தரம் சொல்வதற்கு முன் கதவைத் திறந்து பாருங்கள்

கேள்வி: எனக்கு வயது 54. கல்லூரி நாட்களில் ஒரு பத்திரிகைப் படத்தில் பார்த்ததிலிருந்து எம்.ஜி.பி ரோட்ஸ்டர் என்கிற திறந்த பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் மேல் தீராத ஆசை. பிள்ளைகள் படிப்பு முடிந்து இப்போதுதான் கையில் கொஞ்சம் பணம் நிற்கிறது. இன்னும் மூன்று வாரத்தில் நடக்கப்போகும் ஓர் ஏலத்தின் கேட்லாகில் 1971-ம் வருட சிவப்பு எம்.ஜி.பி வந்திருக்கிறது. ‘முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டது, ரிசர்வ் விலை கிடையாது’ என்று போட்டிருக்கிறார்கள், அதாவது இதற்குக் குறைந்தால் விற்க மாட்டோம் என்கிற விலை எதுவும் இல்லை. படத்தில் கண்ணாடி மாதிரி மின்னுகிறது. இன்டர்நெட் வழியாகவே ஏலம் கேட்கலாமாம். நேரில் போய்த்தான் ஆக வேண்டுமா? எவ்வளவு வரை கேட்கலாம்? ரிசர்வ் இல்லை என்றால் மலிவாக முடியுமா? என் மனைவி, “நல்ல காரா இருந்தா அது ஏன் ஏலத்துக்கு வருது?” என்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்ல?

பதில்: உங்கள் கடிதத்திலேயே உருப்படியான கேள்வி உங்கள் மனைவி கேட்டதுதான். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நல்ல கார்களும் ஏலத்துக்கு வரும். உரிமையாளர் இறந்துபோவார், காரைப் பற்றி ஒன்றும் தெரியாத வாரிசுகள் பங்கு பிரிக்க ஏலத்துக்கு அனுப்புவார்கள். வயதாகி, குனிந்து ஏறி இறங்க முடியாமல் விற்பவர்கள் உண்டு. ஷெட்டைக் காலி பண்ண வேண்டிய கட்டாயத்தில் விற்பவர்களும் உண்டு. இதே கேட்லாகில், பக்கத்து எண்ணிலேயே, வேறொரு சாதிக் காரும் நிற்கும்: ஏலத்தில் வாங்குகிறவன் ஓட்டிப் பார்க்க முடியாது என்பதை நம்பி, அதற்காகவே பெயின்ட் அடித்துக் கொண்டுவந்த கார். இரண்டையும் ஒரே போட்டோகிராபர், ஒரே வெளிச்சத்தில் படமெடுத்திருப்பார். உங்கள் சிவப்புக் கார் இதில் எந்தச் சாதி என்று படம் சொல்லாது. காரின் அடிவயிறும் அதோடு வரும் காகிதங்களும்தான் சொல்லும். ஆகவே நேரில் போக வேண்டுமா என்ற உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: போயே ஆக வேண்டும். போக முடியாவிட்டால் பழைய கார் தெரிந்த ஒருவரைக் கூலி கொடுத்து அனுப்புங்கள். அதுவும் முடியாவிட்டால் இந்தக் காரை விட்டுவிடுங்கள். எம்.ஜி.பி அப்படி ஒன்றும் அபூர்வமான வண்டி இல்லை. கூரை வைத்த ஜி.டி வகையையும் சேர்த்து ஐந்து லட்சத்துக்கு மேல் செய்தார்கள். அடுத்த மாதமே இன்னொன்று வரும்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று தோன்றலாம். செருப்புப் பெட்டி ஒன்றை மூடியோடு இரண்டு கையிலும் பிடித்து முறுக்கிப் பாருங்கள், அவ்வளவு சுலபத்தில் வளையாது. மூடியை எடுத்துவிட்டு முறுக்குங்கள். திறந்த காரின் கதை அதுதான். 1962-லிருந்து 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் செய்த எம்.ஜி.பிக்குத் தனியாக சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது. பாடியே சேஸிஸ். கூரையும் இல்லை. அப்படியானால் முன் சக்கரத்தையும் பின் சக்கரத்தையும் ஒன்றாகப் பிடித்துவைத்திருப்பது எது? கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடுகிற பெட்டி மாதிரியான இரும்பு. நாங்கள் சில் என்போம். வெளித்தகடு, உள்தகடு, இரண்டுக்கும் நடுவே ஒரு தகடு என்று மூன்று அடுக்கு. காரின் முதுகெலும்பே இரண்டு பக்கமும் ஓடும் இந்தச் சில்தான்.

துரு இதற்குள்தான் பிறக்கும். முன் சக்கரம் வாரியடிக்கிற சேறு மட்கார்டுக்குப் பின்னால் போய்த் தங்கும். அங்கிருந்து ஈரம் சில்லுக்குள் இறங்கி, உள்ளிருந்து வெளியே அரித்துக்கொண்டு வரும். வெளியே பெயின்டில் கடுகு அளவுக்கு ஒரு கொப்புளம் தெரிகிறது என்றால், உள்ளே நடுத்தகடு உதிர்ந்து போயிருக்கும் என்றே வைத்துக்கொள்ளலாம். அந்தக் கொப்புளத்தைத் தேய்த்து, பட்டி வைத்து, மேலே சிவப்பு அடிக்க இரண்டு நாள் போதும். அந்த இரண்டு நாள் வேலைக்கும் கேட்லாகில் ‘புதுப்பிக்கப்பட்டது’ என்றுதான் பெயர்.

ஏலத்துக்கு முந்தின நாளோ அதற்கும் முந்தின நாளோ காரைப் பார்வைக்கு வைப்பார்கள். நான் போனால் பானட்டைத் தொடுவதற்கு முன் கதவுப் பக்கம்தான் உட்காருவேன். கதவின் பின் விளிம்புக்கும் பின் மட்கார்டுக்கும் நடுவே ஒரு இடைவெளிக் கோடு இருக்கிறது பாருங்கள், அதில் ஒரு பென்சிலை மேலிருந்து கீழே இழுப்பேன். மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக ஓடினால் நல்லது. மேலே இறுக்கி, கீழே தொளதொளவென்று இருந்தால் கார் நடுவில் தொய்ந்திருக்கிறது. உடனே சில்லின் மேல் பழி போடக் கூடாது. கதவைப் பாதி திறந்து அதன் நுனியைப் பிடித்து மெல்ல மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். ஆடினால் கீல் தேய்ந்திருக்கிறது, அது சின்ன வேலை. ஆடாமல் இருந்து, இடைவெளியும் கோணலாக இருந்தால் அது பெரிய வேலை. அடுத்ததாக, அனுமதி கேட்டு ஒருவரை உள்ளே உட்காரவைத்துக் கதவைச் சாத்திப் பாருங்கள். காலியாக இருக்கும்போது அழகாகச் சாத்திய கதவு ஆள் ஏறியதும் கடித்தால், அதற்கு மேல் அந்தக் காரில் பார்க்க ஒன்றுமில்லை.

பிறகு சில்லின் அடியில் விரல் ஓட்டுங்கள். கை அழுக்காகும், பரவாயில்லை. அடியில் தகடுகள் ஒன்றுசேர்ந்து கீழே நீட்டிக்கொண்டிருக்கும் மடிப்பு ஒன்று நீளமாக ஓடும். அது சீராக, மெல்லிசாக இருக்க வேண்டும். கூடுதலாக இன்னொரு உதடு தட்டுப்பட்டால், அழுகின சில்லின் மேலேயே புதுத் தகட்டைப் போர்த்தி வெல்டிங் வைத்திருக்கிறார்கள். அழுகின புண்ணைக் கழுவாமல் கட்டுப்போட்ட மாதிரி. மடிப்பே தெரியாத அளவுக்குப் புதுத் தார்ப்பூச்சு கொழகொழவென்று அப்பியிருந்தாலும் எனக்குச் சந்தேகம்தான். அம்பது வருஷத்துக் காரின் அடியில் திடீரென்று போன மாதம் எதற்குத் தார்?

காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றிக் கொண்டுபோகலாம். காவலுக்கு நிற்பவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள், பெயின்டில் கீறல் விழுந்தால் அதற்கும் நீங்கள்தான் பொறுப்பு. ஒரு பார்வை நாளில் இதேபோலச் சிவப்பு எம்.ஜி.பி ஒன்றில் நான் பின் சக்கர வளைவின் மேலே காந்தத்தை வைத்தேன், ஒட்டியது. ஒரு சாண் கீழே இறக்கினேன். கையில் இழுப்பு குறைந்தது. இன்னும் நாலு விரல் கீழே, சில்லோடு சேரும் இடத்தில், காந்தம் துணியோடு நழுவித் தரையில் விழுந்தது. எடுத்து மறுபடி வைத்தேன், மறுபடி விழுந்தது. அந்த இடத்தில் இரும்பே கிடையாது, பட்டியால் செய்த மட்கார்டு. என்னை அனுப்பியவர் போனில், “ஆனா பெயின்ட் சூப்பரா இருக்குதாமே?” என்றார். சூப்பராகத்தான் இருந்தது. பட்டி மேல் பெயின்ட் நன்றாகவே பிடிக்கும்.

‘முழுமையாகப் புதுப்பித்தோம்’ என்கிறவரிடம் வேலை நடந்தபோது எடுத்த படங்களைக் கேளுங்கள். உண்மையாகச் செய்தவர் கேட்காமலேயே ஆல்பத்தை நீட்டுவார், நிறுத்தச் சொன்னாலும் நிறுத்த மாட்டார். அந்தப் படங்களில் நீங்கள் தேட வேண்டியது இரண்டு. ஒன்று, சில் வெட்டி எடுக்கும்போது கதவு இருந்த இடத்தில் குறுக்கே இரும்புக் கம்பி வைத்துத் தற்காலிகமாக வெல்டிங் பண்ணியிருக்கிறார்களா? அந்தக் கம்பி இல்லாமல் வெட்டினால் கார் தன் எடையிலேயே தொய்ந்துவிடும். தொய்ந்த நிலையிலேயே புதுச் சில்லை ஒட்டினால் அந்தக் கோணல் ஆயுசுக்கும் நிற்கும். இரண்டு, மட்கார்டின் கீழ்ப்பகுதியைக் கழற்றியோ வெட்டியோ இருக்கிறார்களா? அசல் சில் கதவோடு நின்றுவிடாது, முன்னும் பின்னும் மட்கார்டுக்குள் நுழைந்து ஓடும். கதவுக்குக் கீழே கண்ணுக்குத் தெரிகிற துண்டை மட்டும் மாற்றியிருந்தால், நல்ல நடுவுக்கு இரண்டு அழுகின நுனி.

இன்னொன்றும் நடக்கும். பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் என்ற நிறுவனம் பழைய அச்சுகளை வைத்தே எம்.ஜி.பிக்கு முழுப் புதுப் பாடி செய்து விற்கிறது, 1988-லிருந்து. அப்படிப் புதுப் பாடி போட்ட கார் என்றால் அதை ஒளிக்க மாட்டார்கள், பில்லோடு பெருமையாகச் சொல்வார்கள். சில வாங்குபவர்கள் ‘அசல் இல்லையே’ என்று முகம் சுளிப்பார்கள். ஓட்டுவதற்காக வாங்கும் உங்களுக்கு அது வரம்.

பார்த்தீர்களா, இவ்வளவு எழுதிவிட்டேன், இன்னும் எஞ்சினைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. காரணம் இருக்கிறது. நான் முதன்முதலில் எனக்கென்று ஏலத்தில் எடுத்தது ஒரு டிரையம்ப் டி.ஆர்.6, அதுவும் பிரிட்டிஷ் திறந்த கார்தான். மழை நாள், கூட்டம் குறைவு, விலை ஏறவில்லை. அந்த ஆறு சிலிண்டர் எஞ்சின் உறுமிய உறுமலில் எனக்குத் தலைகால் புரியவில்லை. நானே மெக்கானிக். ஆனாலும் கேட்டதோடு சரி, பார்க்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாள் என் பையன் உள்ளே உட்கார்ந்து சும்மா கிளட்சை மிதித்து விளையாடினான். நான் பானட்டுக்குள் குனிந்திருந்தேன். எஞ்சின் ஓடவே இல்லை, ஆனால் முன்னால் இருக்கும் புல்லி அவன் மிதிக்கும்போதெல்லாம் முன்னுக்கு வந்து, விடும்போது பின்னுக்குப் போனது. கண்ணால் பார்க்கிற அளவுக்கு! கிராங்க் என்கிற எஞ்சின் தண்டு முன்னும் பின்னும் நகராமல் தடுக்கும் பிறை வடிவ வாஷர்கள் தேய்ந்து, எண்ணெய்த் தொட்டிக்குள் விழுந்திருந்தன. டிரையம்ப் ஆறு சிலிண்டரின் ஊரறிந்த வியாதி அது. பார்வை நாளில் ஓர் ஆளை கிளட்ச் மிதிக்கச் சொல்லி அரை நிமிஷம் குனிந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். விற்றவர் மேல் தப்பே இல்லை, ‘இருக்கும் நிலையில் விற்கப்படுகிறது’ என்று கேட்லாகின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் தெளிவாகவே போட்டிருந்தார்கள். நான்தான் கடைசிப் பக்கம் வரை போகவில்லை.

எம்.ஜி.பியின் 1798 சி.சி எஞ்சின் அதைவிட முரட்டு ஜாதி. உதிரி பாகம் ஏறக்குறைய எல்லாமே இன்றும் புதிதாகக் கிடைக்கிறது. அவர்கள் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் எஞ்சின் மேல் கையை வைத்துப் பாருங்கள். ஏற்கெனவே சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் அது எப்படி எழும்புகிறது என்பதை யாரோ உங்களுக்குக் காட்ட விரும்பவில்லை. சூடான பிறகு ஓட்ட வேகத்தில் ஆயில் பிரஷர் 50 பி.எஸ்.ஐ-யை ஒட்டி நிற்க வேண்டும், நீலப் புகை கூடாது, அவ்வளவுதான். எஞ்சின் போனாலும் எவ்வளவு செலவாகும் என்று முன்கூட்டியே கணக்குச் சொல்லிவிடலாம். பாடி போனால் யாராலும் சொல்ல முடியாது, டிங்கரிங் ஆளே ஒவ்வொரு தகடாகப் பிரிக்கப் பிரிக்கத்தான் சொல்வார்.

கூரைத் துணியை இரண்டு தரம் ஏற்றி இறக்கச் சொல்லுங்கள். பின்பக்க பிளாஸ்டிக் ஜன்னல் மஞ்சளாகியிருந்தால் துணிக்கும் வயதாகிவிட்டது. கால் வைக்கும் இடத்தில் கார்பெட்டைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். ஈர நாற்றத்துக்கு எந்த வாசனைத் திரவியமும் மருந்தில்லை.

இனி நம்பர். தொழிற்சாலைத் தகட்டில் எம்.ஜி.பியின் அடையாள எண் எழுத்துகளோடு ஆரம்பிக்கும். 1971 ரோட்ஸ்டர் என்றால் ஜி.எச்.என்.5. முதல் எழுத்து எம்.ஜி. நிறுவனத்தைக் குறிக்கும், அடுத்தது எஞ்சின் அளவை, மூன்றாவது பாடி வகையை. ‘என்’ என்றால் இரண்டு பேர் உட்காரும் திறந்த கார், ‘டி’ என்றால் கூரை வைத்த ஜி.டி. திறந்த காருக்கு விலை அதிகம் என்பதால் கூரைக் காரை அறுத்துத் திறந்த காராக்குகிற கைங்கரியம் உலகம் முழுக்க நடந்திருக்கிறது, ஜாகுவார் ஈ-டைப்பில் இது ரொம்பவே உண்டு. இன்னொரு சங்கதி, 1974 கடைசியில் எம்.ஜி.பிக்குக் கறுப்பு ரப்பர் பம்பர் மாட்டி, அமெரிக்க விதிகளுக்காகக் காரின் உயரத்தையும் கூட்டினார்கள். ரசிகர்களுக்கு அது பிடிக்கவில்லை. பிந்திய காரை வாங்கி குரோம் பம்பர் மாட்டி, உயரத்தையும் குறைத்து, முந்திய கார் மாதிரி ஆக்குகிறவர்கள் நிறைய. மாற்றினால் தப்பில்லை, அதை 1971 என்று விற்றால்தான் தப்பு. ஆகவே பம்பரை நம்பாமல் தகட்டைப் படியுங்கள், அதைப் பதிவுச் சான்றிதழோடு ஒப்பிடுங்கள். இங்கிலாந்தின் கேடன் என்ற இடத்தில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் தொழிற்சாலைப் பதிவேடுகளைப் பார்த்துச் சான்றிதழ் தருகிறார்கள். கார் எந்தத் தேதியில் செய்தது, எந்த நிறத்தில், எந்த எஞ்சின் எண்ணோடு, எந்த நாட்டுக்கு அனுப்பினார்கள் என்பதெல்லாம் அதில் வரும். விற்பவரிடம் அது இருக்கிறதா என்று கேளுங்கள். உங்கள் சிவப்புக் கார் பிறக்கும்போது பச்சையாக இருந்திருந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது, ஆனால் விலை பேசும்போது தெரிந்திருக்க வேண்டியது.

கார் வேறு நாட்டில் இருந்தால், அதை உங்கள் நாட்டுக்குக் கொண்டுவந்து பதிவு செய்ய சட்டம் அனுமதிக்கிறதா, வரி எவ்வளவு என்பதை ஏலத்துக்கு முன்பே எழுத்தில் வாங்கி வையுங்கள். துறைமுகத்தில் நிற்கிற காருக்கு வாடகை கட்டி அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, விலைக்கு வருவோம். ரிசர்வ் இல்லை என்றால் கடைசியாகக் கேட்டவருக்கு, எவ்வளவு குறைவாக இருந்தாலும், கார் போய்விடும். இதைப் படித்ததும் உங்களுக்கு என்ன தோன்றியதோ அதேதான் அந்தக் கேட்லாகைப் படித்த அத்தனை பேருக்கும் தோன்றியிருக்கும். அதனால் கூட்டம் சேரும். கூட்டம் சேர்ந்த பிறகு மலிவு எங்கே? கேட்லாகில் போட்டிருக்கும் மதிப்பீட்டு விலையும் பல சமயம் தூண்டில் புழுதான், வேண்டுமென்றே கீழே வைப்பார்கள். ஒன்று மட்டும் ரிசர்வ் இல்லாத காரில் நிம்மதி. ரிசர்வ் உள்ள காருக்கு, அந்த விலை எட்டும் வரை விற்பவர் சார்பில் ஏலம் விடுகிறவரே கேட்கலாம் என்று பெரும்பாலான ஏல நிறுவனங்களின் நிபந்தனையிலேயே இருக்கும். எதிரே யாருமே இல்லாமல் நீங்கள் சுவரோடு போட்டி போட்டுக்கொண்டிருப்பீர்கள்.

எவ்வளவு வரை போகலாம் என்று கேட்டீர்கள். சுத்தியல் விழுகிற விலை நீங்கள் கொடுக்கும் விலை அல்ல என்பது முதல் பாடம். 2015 பிப்ரவரியில் பாரிஸில் ஒரு 1961 ஃபெராரி கலிபோர்னியா ஸ்பைடர் ஏலம் போனது. பல வருஷமாக ஒரு ஷெட்டில் பழைய பத்திரிகைக் கட்டுகளுக்கு அடியில் கிடந்த கார், ஒரு காலத்தில் நடிகர் ஆலன் டெலான் வைத்திருந்தது. சுத்தியல் விழுந்தது 1 கோடியே 42 லட்சம் யூரோவில். வாங்கியவர் கட்டியது 1 கோடியே 62 லட்சத்து 88 ஆயிரம். நடுவே உள்ள இருபது லட்சத்துச் சொச்சம், வாங்குபவரிடம் ஏல நிறுவனம் வசூலிக்கும் பிரீமியம் என்கிற கமிஷனும் அதற்கு வரியும். உங்கள் காருக்குத் தொகை சின்னது, விகிதம் அதேபோலத்தான் வரும்.

ஆகவே கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். இதே வருட, நல்ல நிலையில் உள்ள எம்.ஜி.பியை ஓட்டிப் பார்த்து, நேரடியாக உரிமையாளரிடம் வாங்கினால் 100 என்று வைத்துக்கொள்வோம். ஏலக் காரில் டயர், பிரேக், கூரைத் துணி என்று நீங்கள் பார்வை நாளில் எழுதிவைத்த வேலைகளுக்கு 15 போகிறது. லாரியில் ஏற்றிவர, பேர் மாற்ற 5. மிச்சம் 80. பிரீமியம் 15 சதவீதம், அந்தப் பிரீமியத்துக்கு மட்டும் 20 சதவீதம் வரி என்றால் மொத்தம் சுத்தியல் விலைக்கு மேல் 18 சதவீதம். 80-ஐ 1.18-ஆல் வகுத்தால் 67.8. அதாவது 100 மதிப்புள்ள காருக்கு ஏலக் கூடத்தில் 67-லேயே உங்கள் கை இறங்கிவிட வேண்டும். விகிதங்கள் இடத்துக்கு இடம் மாறும், நிபந்தனைப் பக்கத்தில் இருக்கும், உங்கள் எண்ணைப் போட்டு நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள். பார்க்காத வேலை எத்தனை இருக்கிறதோ என்று நான் இன்னும் ஐந்து கழிப்பேன். என்னைக் கஞ்சன் என்பார்கள்.

இந்தக் கணக்கை ஏன் வீட்டிலேயே போடச் சொல்கிறேன் என்றால், அங்கே போனால் போட முடியாது. ஒரு தரம், ரெண்டு தரம் என்று இழுக்கிற அந்த இடைவெளி இருக்கிறதே, அதில் மனுஷனுக்கு வகுத்தல் வராது. கூடத்தில் இருபது பேர் ஒரே காருக்கு இருபது விதமாக மதிப்புப் போட்டிருப்பார்கள். கார் போய்ச் சேர்வது யாருக்கு? மிக அதிகமாகத் தப்புப் போட்டவருக்கு. 1971-ல், உங்கள் கார் செய்யப்பட்ட அதே வருடம், அமெரிக்க எண்ணெய்க் கம்பெனி ஒன்றின் மூன்று பொறியாளர்கள், கடலடி எண்ணெய் வயல்களை ஏலம் எடுத்த கம்பெனிகள் ஏன் எதிர்பார்த்த லாபத்தைப் பார்க்கவில்லை என்பதற்கு இதே விளக்கத்தைத்தான் எழுதினார்கள். ஜெயித்தவனின் சாபம் என்று பிறகு அதற்குப் பேர் வந்தது. கம்ப்யூட்டரும் நிபுணர்களும் வைத்திருந்த எண்ணெய்க் கம்பெனிகளுக்கே அந்தக் கதி. முப்பது வருஷ ஆசையோடு வருகிற உங்களுக்கு? அந்தக் கூடத்தில் உங்களை மாதிரியே ஆசைப்பட்ட இன்னொருவர் உட்கார்ந்திருந்தால் போதும், விலை ஏற மூன்றாவது ஆள் தேவையில்லை.

அதனால் உங்களுக்கு என் யோசனை: பார்வை நாளில் நேரில் போங்கள், ஏலத்தின்போது கூடத்தில் இருக்காதீர்கள். உங்கள் உச்ச விலையை எழுதிக் கொடுத்துவிட்டு வரலாம், அதற்குத் தனிப் படிவம் உண்டு. அந்த விலைக்குள் முடிந்தால் கார் உங்களுடையது, இல்லையென்றால் போன் வரும். இன்டர்நெட்டில் நீங்களே கேட்பதாக இருந்தால் பக்கத்தில் மனைவியை உட்காரவைத்துக்கொள்ளுங்கள். கடைசி நேரத்தில் யாராவது விலையைக் கூட்டினால் கடிகாரம் மறுபடி இரண்டு நிமிஷம் நீளும் ஏற்பாடு பல இன்டர்நெட் ஏலங்களில் உண்டு. அந்த இரண்டு நிமிஷத்தில் விரல் தானாகப் பொத்தானை அமுக்கும்.

ஒருவேளை கார் உங்களுக்கே விழுந்துவிட்டால், சுத்தியல் விழுந்த கணத்திலிருந்து அது உங்கள் பொறுப்பு என்பதுதான் பொதுவான நிபந்தனை. அன்று சாயங்காலமே அங்கே ஒரு வேன் அதன்மேல் மோதினாலும் உங்கள் தலைவலிதான். எனவே இன்ஷூரன்ஸை முன்கூட்டியே பேசி வைத்து, அன்றே ஆரம்பிக்கச் செய்யுங்கள். பழைய காருக்கு, இவ்வளவுதான் மதிப்பு என்று இரண்டு தரப்பும் முதலிலேயே ஒப்புக்கொண்ட பாலிசி வேண்டும். சாதாரண பாலிசியில் வருஷக் கணக்குப்படி மதிப்பைக் கழித்துக் கழித்துச் சைக்கிள் விலைக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். பணம் கட்டவும் காரை எடுக்கவும் சில நாள்தான் கெடு, தாண்டினால் நாள் வாடகை.

கூரையைத் திறந்துபோட்டு வீடு வரை ஓட்டி வர வேண்டும் என்று கனவு கண்டிருப்பீர்கள், தெரியும். வேண்டாம், லாரியில் ஏற்றுங்கள். டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும், 2309 என்றால் 2009-ம் வருடத்தின் 23-வது வாரம் செய்தது. மூன்று இலக்கம்தான் இருக்கிறது என்றால் அந்த டயர் 2000-க்கு முந்தியது. ஷெட்டில் நின்ற காரில் டயரின் பூ புத்தம்புதிதாக இருக்கும், ரப்பர் பிஸ்கட் மாதிரி ஆகியிருக்கும். ஸ்டெப்னியையும் பாருங்கள், கார் கடைசியாக எப்போது ஒழுங்காக ஓடியது என்று சில சமயம் அதுதான் உண்மையைச் சொல்லும். பிரேக் ஆயில், பெட்ரோல் குழாய், டயர் மூன்றையும் மாற்றிவிட்டு முதல் ஓட்டம் வையுங்கள்.

உங்கள் மனைவிக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். பதில் சொல்லாதீர்கள், பார்வை நாளுக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் பெயின்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கதவுக்குக் கீழே குனிந்து பார்க்க ஓர் ஆள் வேண்டும். இரண்டு பக்கக் கதவு இடைவெளி, இரண்டு பக்கச் சில்லின் அடி, தொழிற்சாலைத் தகடு, ஐந்து படம் எடுத்து அனுப்புங்கள். ஏலத்துக்கு முந்தின இரவுக்குள் வந்தால் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.